கன்று விடாத தோப்பு

ஐப்பசி 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கொடியில் துணி காயவில்லை. கல்லிடைக்குறிச்சியிலிருந்து மதினி வந்தார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா. கையில் அப்பளக் கட்டு. பத்து நாள் இருப்பார்களாம்.

வீட்டுக்காரர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டு நாலு மாதம். கூடப் பிறந்த தம்பி. மதினிக்கும் துக்கம்தான். ஆனாலும் வந்ததும் நேரே அடுப்படிக்கு.

"ஏளா, அடுப்பு பத்த வைக்கதே இல்லையா? பூனை குடித்தனம் நடத்துது!"

பூனைக்கு ஒரு அப்பளம். எனக்கு ரசம் சோறு.

13, புதன்

மழை விட்டது. மதினியோடு வாழைத்தோப்புக்கு. அவர் போனபின் நான் எட்டிப் பார்க்கவில்லை.

வழக்கமாக மரத்தடிக்கு ஒரு கன்றை விட்டு மற்றதை அறுப்போம். அடுத்த வருசத்துத் தார் அந்தக் கன்றில்தான். இந்தத் தடவை அவர் ஒன்றுகூட விடவில்லை. நெல்லுக்கு மாறப் போகிறார் என்று ஊரில் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மதினி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். "அடுத்த வருசம்னு ஒண்ணு எந்தம்பி கண்ணுக்குத் தெரியாமப் போச்சே..."

பிறகு என் கையைப் பிடித்து, முகத்தைப் பார்த்து:

"ஒனக்கு எப்படிட்டி இருக்கு? உசிர விட்டுரலாம்னு தோணுதா?"

இப்படி நேராக யாரும் கேட்டதில்லை. ஆமாம் என்றேன். மதினி திட்டவில்லை, பதறவில்லை. என் கையை விடவும் இல்லை.

"வாயத் தொறந்து சொன்னியே, அது போதும். நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்."

என்ன நெஞ்சு அவர்களுக்கு! எனக்கு வராது.

14, வியாழன்

பாளையங்கோட்டை. பஸ்ஸில் நெரிசல். மனசுக்குப் பார்க்கிற டாக்டரம்மா சின்ன வயசு. "பொங்கலுக்கு என்ன செய்யப் போறீங்கம்மா?" என்று கேட்டார்கள். யோசித்தேன். பொங்கல் இருக்கும் பக்கம் ஒரே இருட்டு. அதையே சொன்னேன்.

"முன்னால வழியே இல்லாத மாதிரி காட்டுறது இந்த நோயோட குணம். வழி இருக்கு. பையத் தெரியும்" என்றார்கள்.

அவருக்கும் இப்படித்தான் இருட்டாக இருந்திருக்குமோ. பாவம்.

மாத்திரை டப்பா மதினி கைக்குப் போய்விட்டது. "நேரா நேரத்துக்கு நாந்தான் எடுத்துத் தருவேன். டாக்டரம்மாவுக்கு அடுத்து நாந்தான் டாக்டரு."

28, வியாழன்

பத்து நாள் தாண்டியும் மதினி கிளம்பவில்லை. "அங்கன என்னைய யாரும் தேடலளா. என் கொறட்டை இல்லாம நிம்மதியாத் தூங்குதாவ" என்கிறார்கள். இரண்டாம் தடவையும் ஆஸ்பத்திரி போய் வந்தோம். தூக்கம் கொஞ்சம் வருகிறது.

ஆற்றில் குளிக்கும்போது பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் எனக்கு முதுகு காட்டி நின்று, தோள் குலுங்க அழுகை. பிறகு ஒரு முங்கு. திரும்பி, "தண்ணி சில்லுனு இருக்கு, வாளா."

மறைக்கவும் தெரியும், என்னைச் சிரிக்க வைக்கவும் தெரியும். இப்படி ஒரு பெண்பிள்ளை!

கார்த்திகை 2, திங்கள்

நல்ல வெயில். மறுபடி தோப்பு. அவர் அறுத்த இடத்தில், கிழங்கிலிருந்து புதுக் கன்றுகள். அன்றைக்கு என் கண்ணில் படவே இல்லை. மதினி அரிவாளோடு நின்றார்கள்.

"நெல்லு போடணும்னா எல்லாத்தையும் தோண்டிரலாம். வாழைதான்னா மரத்துக்கு ஒண்ணு விடணும். ஒந்தோப்பு. நீயே சொல்லு."

மதினி அவசரப்படுத்தவில்லை. வெற்றிலை மடித்தார்கள், போட்டார்கள், துப்பினார்கள். நான் ஒவ்வொரு கன்றாகப் பார்த்தேன்.

கடைசியில் வாய்க்கால் ஓரம் ஈட்டி மாதிரி நின்ற கன்றைத் தொட்டுக் காட்டினேன். அதை விட்டு மற்றதை மதினி அறுத்தார்கள். அடுத்த மரம். அதற்கும் நான்தான் காட்டினேன்.

நாளைக்கு மண் அணைக்க வேண்டும். மண்வெட்டிக் காம்பு ஆடுகிறது. ஆப்பு வைக்கணும்.