இரண்டு அதார் வந்த வருஷம்

ஜனவரி 11, வியாழன்

இன்று நூலகத்தில் என் பேச்சுக்கு நான்கு பேர். அதில் கடிகாரக்கடை யோசெஃப் கணப்புக்காக வருகிறவர். அதை அவர் மறைப்பதும் இல்லை. "நீ பேசும்மா, உன் குரலைக் கேட்டாத்தான் எனக்குக் கண்ணு சொக்குது" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டார். சமர்கண்டில் நம் புகாரா யூதர்கள் அந்தக் காலத்தில் அச்சடித்த புத்தகங்களைப் பற்றி மூன்று வாரமாகத் தயாரித்த பேச்சு. தாளைப் பார்த்தே படித்தேன். அரை மணிக்கு எழுதியது கால் மணியில் முடிந்துவிட்டது. யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

ரிம்மாவின் நிகழ்ச்சி. நாற்காலி போதாமல் ஜெப ஆலயத்திலிருந்து பெஞ்சு தூக்கி வந்தார்கள்.

போன கோடையில்தான் மாஸ்கோவிலிருந்து வந்தாள். அதற்குள் நூலகம் அவளைச் சுற்றி நடக்கிறது. இறந்தவர்களுக்கு வருஷா வருஷம் வைக்கிற யுஷ்வோ விருந்தை இதுவரை அவரவர் வீட்டிலோ ஹோட்டலிலோ வைத்துக்கொண்டிருந்தார்கள். மீனுக்கும் புலாவுக்கும் நடுவில் யாராவது எழுந்து நாலு நல்ல வார்த்தை பேசுவது வழக்கம். "சாப்பாட்டை நூலகத்துல போடுங்க, பேச்சை நாங்க பாத்துக்கறோம்" என்று ரிம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அவ்வளவுதான். இப்போது தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஊரே வரலாறு கேட்கிறது.

இன்று அவள் பேசியதும் அச்சகங்களைப் பற்றித்தான். என் தாளைக் கேட்டாள், கொடுத்தேன். அச்சுக்கோப்பவர் ஒருவர் மனைவிக்குப் பயந்து அச்சகத்திலேயே படுத்துக்கொண்ட கதையை நடித்தே காட்டினாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கதை என் அடிக்குறிப்பில் இருந்தது. நான் படிக்காமல் தாண்டியது.

சாப்பாட்டுக்குத்தான் வருகிறார்கள். புலாவ் இல்லாவிட்டால் ஒருத்தர் வருவாரா? இப்படி எழுதினால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

ஜனவரி 16, செவ்வாய்

அடுத்த யுஷ்வோவுக்கும் மீன் பொரிக்கும் வேலையை ரிம்மா அம்மாவுக்குப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். பூண்டு உரித்தபடியே அம்மா சொன்னாள்: "ரிம்மா பேசினா எனக்கே புரியுதுடி."

"நான் பேசினா?"

"நீ படிச்ச பொண்ணு. புத்தகமே வாயத் தொறந்து பேசற மாதிரி இருக்கும்."

புகழ்ச்சியாகத்தான் சொன்னாள். அம்மா எட்டாவதோடு நின்றவள். அப்பா மீசை முளைக்கும் முன்பே முடிவெட்டும் கடையில் வேலைக்குப் போனவர். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போனவள் நான் ஒருத்தி. என் பட்டத்தைச் சட்டம் போட்டுக் கண்ணாடி அலமாரிக்கு மேலே மாட்டிய அம்மா, என் வியாழக்கிழமைப் பேச்சுக்கு ஒரு முறைகூட வந்ததில்லை. ரிம்மா பேசும்போது மட்டும் அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியோடு வாசலில் வந்து நிற்கிறாள்.

ஜனவரி 19, வெள்ளி

காலையில் அறிவிப்புப் பலகையில் ரிம்மா ஒரு தாள் ஒட்டினாள். செருப்புக்கடை ஹியோ கலந்தரோவின் முதல் வருஷ யுஷ்வோ, பிப்ரவரி 17, சனிக்கிழமை, ஓய்வுநாள் முடிந்ததும். நூலகத்துக்கு முன்னறையைக் கொடுத்த மனிதர். நியூயார்க்கிலிருந்து மகன் போரிஸ் வருகிறான்.

இரண்டு முறை படித்தேன். தேதி தப்பு.

இந்த வருஷம் நம் காலண்டரில் அதார் மாதம் இரண்டு முறை வருகிறது. ஹியோ மாமா போன வருஷம் அதாரில் போனார். போன வருஷம் ஒரே அதார். இந்த வருஷம் அவருக்கு எந்த அதார்? மாஸ்கோக்காரர்கள் முதலாவது என்பார்கள். நம் ஊரில் எப்போதும் இரண்டாவதுதான். ரிம்மாவின் போன் அவள் பழகிய ஊர் வழக்கப்படி கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கும். நூலகத்தின் சுவர்க் காலண்டரை வருஷா வருஷம் தயாரிப்பவள் நான். எனக்குத் தெரியாதா?

அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "எப்படி இருக்கு ஷூஷா குட்டி?" என்றாள்.

"எழுத்து நல்லா இருக்குக்கா" என்றேன்.

ஜனவரி 22, திங்கள்

இன்னும் யாரும் கவனிக்கவில்லை. தேதியைச் சரிபார்த்துச் சொல்ல இந்த ஊரில் ரப்பி என்று ஒரு குரு கிடையாது. பண்டிகைக்குத்தான் தாஷ்கண்டிலிருந்து ஒருவர் வருவார். தாளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வயிற்றுக்குள் இதமாக இருக்கிறது. ரிம்மாவின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வெட்கமாகவும் இருக்கிறது. இதம்தான் அதிகம்.

ஜனவரி 24, புதன்

நூலகப் பொறுப்பாளர் அவ்னேர் மாமா கூப்பிட்டுச் சொன்னார்: "பஸ்கா பண்டிகை முடிஞ்சதும் வாரத்துல ஒரு சாயங்காலம்தான் திறக்க முடியும்மா. ராத்திரிக் காவலுக்கு ஆள் கிடைக்கல. ஒண்ணு உன் வியாழன், இல்ல ரிம்மாவோடது. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேசி முடிச்சுடுவோம்."

என் முகத்தைப் பார்க்காமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். முடிந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கென்று இருப்பது அந்த ஒரு மாலைதான். நாலு பேர், அதில் ஒருத்தர் தூங்குகிறவர் — இருந்தாலும் என்னுடையது.

ஜனவரி 28, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கூட்டத்தில் பதினைந்து பேர் இருந்திருப்போம். ரிம்மாதான் தொடங்கினாள். "அந்த ஒரு சாயங்காலத்த எங்கிட்ட குடுத்துடுங்க மாமா. ஷூஷா எழுதட்டும், நான் பேசறேன். பாவம், நாலு பேரப் பாத்தாலே அவளுக்கு வேர்க்குது." எல்லோரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான். அதுதான் பொறுக்கவில்லை.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. "அந்தத் தேதி தப்பு" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"எந்தத் தேதிம்மா?"

"ஹியோ மாமா தேதி. நம்ம ஊர்ல ரெண்டாவது அதார்தான். மார்ச் பதினெட்டு, திங்கக்கிழமை சாயங்காலம். இது ஒரு மாசம் முன்னாடி."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆமாம், ஆமாம், ரெண்டாவதுதானே என்று முனகல் எழுந்தது. நான் ரிம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்.

கன்னத்தில் கை வைத்தாள். "ஐயோ, போரிஸ் இன்னிக்கு டிக்கெட் எடுக்கறேன்னானே." பையைத் துழாவிப் போனை எடுத்து, அங்கே தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி, எல்லோர் முன்னாலும் "தப்பு என்னோடதுப்பா, நிறுத்து, மார்ச்சுக்கு எடு" என்றாள். பிறகு நேராக வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "மானத்தக் காப்பாத்திட்டா இந்தப் பொண்ணு. இல்லன்னா கடல் தாண்டி ஒருத்தன வரவெச்சுத் தப்பான நாள்ல அழ வெச்சிருப்பேன்." கைதட்டினார்கள்.

நான் எறிந்த கல்லை எடுத்துப் பூ மாதிரித் தலையில் வைத்துக்கொண்டாள். எப்படி முடிகிறது இவளால்? அழுகை வந்தது. நன்றியில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். வியாழனைப் பற்றி யாரும் பேசவில்லை. அவ்னேர் மாமா பஸ்கா சமயத்தில் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்.

படியில் யோசெஃப் மெதுவாகக் கேட்டார்: "காலண்டர் நீதானே போடற? இத்தன நாளா வாயில என்ன கொழுக்கட்டையா?"

தூங்குகிறார் என்று நினைத்த மனிதர்.

பிப்ரவரி 1, வியாழன்

பேச்சைத் தொடங்கக் கூட இல்லை. தையல்கார லூபா அத்தை கையைத் தூக்கினாள். "என் வீட்டுக்காரரும் அதார்தான்மா. எங்களுக்கு முதலாவதா, ரெண்டாவதா?" அவள் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர், அதே கேள்வியோடு. அவர்களுக்குப் பேச்சு வேண்டாம், தேதிதான் வேண்டும்.

மேஜையை ஓரமாகத் தள்ளி ஒவ்வொருவராக உட்கார வைத்தேன். எந்த நாள்? பகலா, இருட்டின பிறகா? நமக்கு நாள் பிறப்பது சூரியன் விழுந்ததும் அல்லவா, அதனால் கேட்டேன். யாரும் நேரத்தை மட்டும் சொல்லவில்லை. "மாவு பிசைஞ்சிட்டிருந்தேன், தெருவிளக்கு எரிஞ்சிருந்தது" என்றாள் லூபா அத்தை. அப்புறம் அவர் கோட்டுப் பையில் எப்போதும் சூரியகாந்தி விதை இருந்தது, அவர் சண்டை போட்டால் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் போடுவார்... எதிரில் ஒரே ஒரு முகம் இருந்தால் எனக்கும் கேட்க வருகிறது. இது இன்றைக்குத்தான் தெரிந்தது.

பிப்ரவரி 15, வியாழன்

வரிசை வாசல் வரை. அதார்க்காரர்கள் மட்டும் இல்லை, எல்லா மாதக்காரர்களும். யோசெஃப் தூங்கவில்லை, வரிசையில் யார் முன்னால் என்று பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருந்தார்.

ரிம்மா எட்டிப் பார்த்தாள். "அடியே, என் கூட்டத்தத் திருடிட்டியா?"

எனக்குள் ஒரு பட்டாசு வெடித்தது. பொய் சொல்ல மாட்டேன், வெடித்தது. அடுத்த நிமிஷம் அவள் நிற்பவர்களுக்குக் கிரீன் டீ கொண்டுவந்தாள். எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. என் எதிரில் உட்கார்ந்து அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் கூடப் பாதியில் நிறுத்தி "வாம்மா ரிம்மா" என்றார். பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து...

மார்ச் 18, திங்கள்

ஹியோ மாமாவின் யுஷ்வோ. சரியான நாளில்.

ரிம்மா பேசினாள். செருப்புத் தைக்கக் கொடுக்கிறவர்களிடம் ஹியோ மாமா புத்தகம் இரவல் வாங்கியதையும், திருப்பித் தரும்போது அட்டையைத் தோலால் தைத்துத் தந்ததையும் சொன்னாள். போரிஸ் முதலில் சிரித்தான், சிரித்தபடியே அழுதான். எனக்கு அப்படிப் பேச எந்த ஜென்மத்திலும் வராது.

புலாவ் வரும் முன் போரிஸ் கேட்டான்: "தேதி சொன்ன பொண்ணு யாரு?" ரிம்மா என்னைக் காட்டினாள். அத்தனை முகமும் திரும்பியது. நான் மீன் தட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"என் பொண்ணுதான்" என்றாள் அம்மா, கரண்டியை உயர்த்தி. "கூப்பிட்டா வரமாட்டா. வியாழக்கிழமை போய்ப் பாத்துக்கங்க."

மார்ச் 19, செவ்வாய்

அவ்னேர் மாமா முடிவு சொன்னார். பஸ்காவுக்குப் பிறகு திறக்கும் ஒரு மாலை வியாழன். யுஷ்வோ நாளில் அதை வைக்கிற குடும்பமே காவலுக்கு ஆள் போட்டுக்கொள்ள வேண்டும்.

"உங்க யோசனையா மாமா?"

"ரிம்மாவோடது."

நான் கேட்டிருக்கக் கூடாது.

மார்ச் 21, வியாழன்

பூரிம் பண்டிகை நெருங்குகிறது, கூட்டம் குறைவு. லூபா அத்தை எழுந்து போனதும் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தது. நிமிர்ந்தால் ரிம்மா.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு" என்றாள். "மாஸ்கோல. 2017 டிசம்பர் அஞ்சு. போன்ல போட்டப்ப கிஸ்லேவ் மாசம் பதினேழுன்னு வந்தது. அதத்தான் வெச்சிட்டிருக்கேன். நீ இவங்க கிட்டல்லாம் பகலா இருட்டான்னு கேக்கறியே. என்னை யாரும் கேக்கல."

"என்ன நேரம்க்கா?"

"சாயங்காலம் அஞ்சு. ஆஸ்பத்திரில. எனக்கு அது பகல்தான்னு..."

சமர்கண்டில் டிசம்பர் அஞ்சு மணிக்கு இன்னும் வெளிச்சம் இருக்கும். மாஸ்கோவில்? போனில் பார்த்தேன். சூரியன் ஒரு மணி நேரம் முன்பே போயிருந்தது. அவள் அம்மாவின் நாள் பதினெட்டு. ஆறு தடவையும் ஒரு நாள் முன்னால் விளக்கேற்றியிருக்கிறாள்.

என் கையில் மறுபடியும் ரிம்மாவின் ஒரு தப்பு. முன்னைவிடப் பெரியது. உள்ளே தேடிப் பார்த்தேன், அந்த இதம் வருகிறதா என்று. வரவில்லை. நீங்க வெச்சதுதான் சரி என்று சொல்லிவிடலாமா? யாருக்குத் தெரியப் போகிறது? அதுவும் வாயில் வரவில்லை.

"பதினெட்டுக்கா" என்றேன். "அப்ப அங்க இருட்டிடுச்சு."

வெகு நேரம் பையின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "எங்க போனாலும் லேட்டு, லேட்டுன்னு அம்மா திட்டுவா. ஆறு வருஷமா ஒரு நாள் முன்னாடியே போய் நின்னிருக்கேன். நம்பியிருக்க மாட்டா."

சிரிக்கப் பார்த்தாள், வாய் கோணிவிட்டது. இதைக் கூட இவளால் இப்படிச் சொல்ல முடிகிறது, எனக்கு வருமா, என்று அப்போதும் ஒரு முள் குத்தியது. குத்தட்டும். நான் மேஜையைச் சுற்றிப் போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். "உங்க அம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்க, அன்னிக்கு?" என்று கேட்டேன். ரிம்மாவுக்கு நிறையச் சொல்ல இருந்தது. ரொம்ப மெதுவாக, தட்டுத் தடுமாறிச் சொன்னாள். யோசெஃப் மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன்: "ரிம்மாக்கா அம்மாவுக்கு யுஷ்வோ. நீதான் மீன் பொரிக்கணும். நானும் கூட இருந்து உரிச்சுத் தரேன்."

"எப்ப?"

"டிசம்பர்ல."

"டிசம்பருக்கு இப்பவே என்னடி அவசரம்?"

"சும்மா. சொல்லி வெச்சேன்."