சிவப்பு ஏடு உரிந்த கண்ணாடி

6 ஜூன் 1994, திங்கள்
விடிகாலையிலிருந்து மழை. எஸ்டேட் வீட்டிலிருந்து வரும் லுக்குட் பஸ் தாமதம், சிரம்பானில் அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. யூனிவர்சிட்டி லேபுக்குள் நனைந்த கோழியாக நுழைந்தேன்.

கண்ணாடித் துண்டைக் கழுவி, கரைசலில் தொங்கவிட்டேன். காட்மியம் செலினைடு. மெல்ல மெல்லப் படிகம் வளர்ந்து, பால் மேல் ஏடு கட்டுவதுபோல் கண்ணாடியில் சிவப்பாகப் படியும். படிந்தது. அழகாகத்தான் இருந்தது. வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றியதும் அத்தனையும் உரிந்து போனது. சனியன்!

முருகேசு அண்ணன், லேப் டெக்னிஷியன், அம்பாங்கான்காரர். எட்டிப் பார்த்துவிட்டு, “திங்கக்கெழமைன்னாலே ஒனக்கு ஆவாது தங்கச்சி. கண்ணாடிக்கும் வேலைக்கு வர மனசில்ல லா” என்றார். சிரிப்பு வரவில்லை.

வாங்க: சோப்பு, நீலப் பேனா, அம்மாவுக்கு முட்டிவலிப் பிளாஸ்திரி.

8 ஜூன், புதன்
நல்ல வெயில். இன்று ஓரங்களில் மட்டும் உரிந்தது. நடுவில் நின்றது. ஏன் என்று தெரியவில்லை. தண்ணீர் கெட்டதா? உப்பு பழசா?

புரொபசர் அறைக்குக் கூப்பிட்டார். மாதக் கடைசிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு நிற்க வேண்டுமாம். இல்லையென்றால் ரப்பர் ஆராய்ச்சிக் குழுவுக்கு மாறிவிடு என்றார். அங்கே பணம் இருக்கிறதாம். “நீ எஸ்டேட் பிள்ளை, உனக்குச் சுலபம்” என்று மலாயில் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் எரிகிறது.

சுலபமாம்! அம்மா முட்டி தேய்ந்ததே அந்த ரப்பர் மரத்தில் பால் வெட்டித்தான். “பாயிக், புரோப்”, சரி என்று தலையாட்டிவிட்டு வந்து கழிவறையில் அழுதேன். மதியத்துக்கு வாங்கிய நாசி லெமாக் சோறு அப்படியே இருக்கிறது.

12 ஜூன், ஞாயிறு
எஸ்டேட் வீடு. புழுக்கம். வெள்ளிதோறும் தலைக்கு எண்ணெய் என்பது அம்மா சட்டம். நான் ஞாயிறுதான் இருக்கிறேன் என்பதால் சட்டம் ஞாயிற்றுக்கு மாறிவிட்டது.

“படிச்சிப் படிச்சித் தல காஞ்சி கெடக்கு.”
“போதும்மா, கழுத்துல வடியுது.”
“வடியட்டும். சூடு எறங்கணும்ல. ஒரு வாரத்துக்குத் தாங்கணும்.”

ரப்பர் விஷயத்தைச் சொன்னேன். சீப்பு நின்றது.

“திரும்பவும் பாலா? அதுக்கா ஒன்ன அனுப்பி வெச்சேன்?”

பின்னலை இழுத்து இறுக்கினார். இன்னும் வலிக்கிறது.

13 ஜூன், திங்கள்
மறுபடி உரிந்தது. தூக்கி எறியப் போனவள், என்ன தோன்றியதோ, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஏடு ஒட்டாத இடத்தில் வளைவு வளைவாகக் கோடுகள். சுழி. என் கட்டைவிரலைப் பார்த்தேன். அதே சுழி!

விரலை முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்.

கையுறை தீர்ந்து பல நாளாயிற்று. ஓரத்தைத்தானே பிடிக்கிறோம் என்று வெறுங்கையோடு பிடித்தேன். முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே இருப்பது என் பழக்கம். அம்மாவின் எண்ணெய் தலையிலிருந்து விரலுக்கு, விரலிலிருந்து கண்ணாடிக்கு. புதன்கிழமைக்குள் எண்ணெய் கொஞ்சம் காய்ந்துவிடும், அதனால் உரிவதும் குறையும். நான் தண்ணீரையும் உப்பையும் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். முருகேசு அண்ணன்: “திருடன் ரேகையோட மாட்டிக்கிட்டான் லா! போலீசுக்குப் போன் போடவா?”

14 ஜூன், செவ்வாய்
தலைக்கு ஷாம்பு, இரண்டு முறை. அண்ணன் அம்பாங்கான் கடையில் குளிக்கும் தொப்பி வாங்கி வந்தார், பிளாஸ்டிக், ரோஸ் பூ போட்டது. எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கண்ணாடியை இடுக்கியால்தான் தொட்டேன். முதல் அடுக்கு நின்றது. இரண்டாவதும். மூச்சு விடவே பயம்.

16 ஜூன், வியாழன்
மூன்றாவது. தண்ணீர் ஊற்றினேன். நின்றது. நின்றதே!

இரண்டு துண்டு. குளிர்ந்த கரைசலில் வளர்ந்தது செம்பருத்திச் சிவப்பு. சூட்டில் வளர்ந்தது கிட்டத்தட்டக் கறுப்பு. ஒரே சரக்குதான். படிகப் புள்ளி சின்னதானால் ஒரு நிறம், பெருத்தால் வேறு நிறம். படித்ததுதான், ஆனால் கண்ணால் பார்ப்பது வேறு.

புரொபசர் ஜன்னலோரம் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். “பாகுஸ்.” நன்றாக வந்திருக்கிறதாம். ரப்பர் என்ன ஆச்சு என்று கேட்டேன். அதற்கு வேறு ஆளைத் தேடுகிறேன் என்றார். ஐயோ, துள்ளிக் குதிக்காத குறைதான்.

19 ஜூன், ஞாயிறு
வீடு. மழை விட்டு வெயில். சிவப்புத் துண்டின்மேல் இன்னொரு கண்ணாடி வைத்து, சுற்றி டேப் ஒட்டிக் கொண்டுவந்தேன். உள்ளே இருப்பது விஷச் சரக்கு.

அம்மா எண்ணெய்ப் போத்தலோடு தயார். தலையைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மனசு நோகுமோ என்று பயம்தான். அம்மா போத்தலை மூடிவிட்டார்.

“என் எண்ணெயா கெடுத்துச்சி?”
“இல்லம்மா, என் கைதான். நீ வை, காலையில சீயக்கா போட்டுக் கழுவிட்டுப் போறேன்.”
“அப்படிச் சொல்லு.”

பின்னி முடித்தபிறகு கண்ணாடியை நீட்டினேன். “டேப் போட்டிருக்கு, ஒண்ணும் ஆவாது. புடிச்சிப் பாரும்மா.”

அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “வேணாம். எண்ணெக் கை.”

நானே வெயிலுக்கு நேரே பிடித்தேன். கழுத்தை நீட்டிப் பார்த்தார். கன்னத்தில் சிவப்பு விழுந்தது.

“இது ரப்பர் இல்லயே?”
“இல்லம்மா.”
“இனிமேயும்?”
“இனிமேயும் இல்ல.”

ம் என்றார். இன்னும் கிட்டே வந்து பார்த்தார். கையை மட்டும் முன்னால் எடுக்கவே இல்லை.