உருண்டையின் பல்லும் உங்கள் அரிசிம்பருப்புச் சோறும்

என் பொக்கைவாய் மகராசருக்கு,

அங்கே முறுக்கு கிடைக்கிறதா? கிடைத்தாலும் எதை வைத்துக் கடிப்பீர்கள்? பல் செட்டு இங்கே பீரோவில் அல்லவா கிடக்கிறது! நீங்கள் போய் எட்டு மாதமாகிவிட்டது, அதை என்ன செய்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருந்தபோதும் அது டம்ளர் தண்ணீரில் ஊறியதுதான் மிச்சம். உங்கள் வாயில் இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சேதி உருண்டையைப் பற்றி. உக்கடத்தில் வாங்கி, சட்டைப் பைக்குள் போட்டு மதுக்கரைக்குக் கொண்டுவந்தீர்களே, அந்தக் கினிப் பன்றிதான். "எலிக்குப் போயி இத்தன செல்லமாங்க?" என்று நான் கேட்டதற்கு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசாமல் இருந்தீர்கள்.

உங்கள் காரியம் முடிந்த வாரம் அது கூண்டுக் கம்பியைக் கடித்து மேல் முன்பல்லை உடைத்துக்கொண்டது. வாயைத் திறந்து பார்த்தால் அச்சு அசல் நீங்கள்! நான் சிரிப்பதா, அழுவதா?

மொபெட்டிலிருந்து விழுந்து உங்களுக்குப் பல் போனதிலிருந்து அரிசிம்பருப்புச் சோற்றைக் குழையக் குழைய மசித்துக் கொடுத்த கை இது. சும்மா இருக்க மாட்டேன் என்றது. உங்கள் கிண்ணத்திலேயே மசித்து உருண்டைக்கு வைத்தேன். நக்கி நக்கித் தின்றது. புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பல் இல்லாத பிள்ளைக்குப் புல் எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

போன மாதம் சோற்றையும் விட்டது. கிண்ணத்துக்கு வரும், மோந்து பார்க்கும், திரும்பிப் போய்விடும். தாடை எந்நேரமும் நனைந்தே இருந்தது. தூக்கினால் கையில் கனமே இல்லை. உங்களை நினைத்து ஏங்குகிறது என்றுதான் எண்ணினேன். "ஏங்கறதுக்கு நானொருத்தி பத்தாதா கண்ணு?" என்று திட்டினேன். நீங்கள் விட்டுப்போனதில் மூச்சு விடுவது அது ஒன்றுதான். அதுவும் போனால் நான் யாரைத் திட்டுவேன்?

கூடையில் துண்டை விரித்து, பஸ் ஏறி, கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். சின்ன வயசுப் பெண். சுண்டுவிரல் மாதிரி ஒரு லைட்டை வாய்க்குள் விட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்கம்மா, என்ன தீனி போடறீங்க?"

"அரிசிம்பருப்புச் சோறுங்க அம்மணி. நல்லா மசிச்சுப்போட்டுத்தான் வைப்பனுங்க."

அவள் தன் நெற்றியில் கை வைத்தாள். நான் விடவில்லை. "ஒடஞ்ச பல்லுக்கு ஒரு செட்டு கட்டிப்போட முடியுங்களா? எங்கூட்டுக்காரரோடது சும்மாதான் கெடக்குது."

சிரித்தேவிட்டாள். "ஒடஞ்ச பல்லு எப்பவோ வளந்துபோச்சுங்க, கோணலா. இதுகளுக்குப் பல்லு சாகற வரைக்கும் வளருமுங்க. புல்லை அரைச்சு அரைச்சுத்தான் தேயோணும். நீங்க மசிச்சுக் குடுத்துட்டீங்க, அதுக்கு அரைக்கற வேலையே இல்லாமப் போச்சு."

கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் உள்ளே சாய்ந்து, நாக்குக்கு மேலே பாலம் கட்டியிருந்தனவாம். நாக்கு அசைந்தால்தானே விழுங்க முடியும்? பசியோடுதான் அது கிண்ணத்துக்கு வந்திருக்கிறது. நான் அதற்கு ஏக்கம் என்று பேர் வைத்திருக்கிறேன்.

"நகவெட்டில நானே வெட்டிப்போடட்டுங்களா?"

"ஐயோ, வேண்டாமுங்க! பல்லு நெடுக்கப் பொளந்துபோகும். மயக்கம் குடுத்து நாங்க பாத்துக்கறமுங்க."

இத்தனை சிறிய உடம்பு மயக்கத்திலிருந்து எழும்புமா? வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உங்களைத்தான் மிரட்டிக்கொண்டிருந்தேன். "உங்க செல்லம்னு கையோட கூட்டிட்டுப் போயிறாதீங்க, ஆமா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நாயோடு இருந்தவர் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். அரை மணி கழித்துக் கதவு திறந்தது. துண்டுக்குள்ளிருந்து ஒரு மூக்கு ஆடியது. நீங்கள் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

பத்து நாள் அவள் கொடுத்த தீனியைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டினேன். இப்போது மாட்டுக்குப் போடுகிற காய்ந்த கொழுக்கட்டைப் புல்லைத் தானே அரைக்கிறது. கூடவே கொத்தமல்லி, கொஞ்சம் குடைமிளகாய். வாரம் ஒருநாள் மளிகைக்கடைத் தராசில் ஏற்றி இறக்குகிறேன். எடை குறைந்தால் பல்லைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். கோணல் பல்லை அவ்வப்போது அவளே தேய்த்துவிடுவாள்.

மொத்தம் இருபது பல்லாம், இருபதும் வளருமாம்! மனுசனுக்கு மட்டும் ஏன் இப்படி நின்றுபோகிறது? வளர்ந்திருந்தால் நீங்கள் முறுக்குத் தின்றிருப்பீர்கள். என் மசித்த சோறு உங்களுக்கு வேண்டியிருக்காது.

அங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "குத்துது, குத்துது" என்று சொல்லிக் கழற்றிவைத்தீர்களே, அந்தச் செட்டு நிஜமாகவே குத்தியதா? இல்லை, நான் பக்கத்தில் உட்கார்ந்து மசித்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் டம்ளரிலேயே போட்டுவைத்தீர்களா?

உருண்டைக்கு இனி ஒரு பருக்கைகூட மசிக்க மாட்டேன். அதன் கூண்டில் புல் தீராது. மசிக்கிற கைக்கு மாதம் ஒரு அமாவாசை இருக்கிறது. அன்றைக்கு உங்கள் இலையில் குழைய மசித்த சோறு இருக்கும், சத்தியமாய். செட்டு பீரோவிலேயே இருக்கட்டும்.

உங்கள் திருட்டு வாயை இப்போதுதான் புரிந்துகொண்ட வீட்டுக்காரி,
சரோஜா