வயரில் காயும் சீலைகள்

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
5.10.2007

என் அன்பு மகள் இன்பமலருக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் மகள் நிரோஜாவும் மாதாவின் புண்ணியத்தில் சுகம். நீ அந்தக் குவைத் வெக்கையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயோ என்பதுதான் என் யோசனை. போன் நாலு நாளாக வேலை செய்யவில்லை, பின்வீட்டு ஆமினா உம்மாவின் தம்பி நாளைக்குக் குவைத் வருகிறார், அவர் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். பயப்படாதே, ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்கிறதில்லை, எழுத இருந்து மூன்று தரம் கேற்றடிக்குப் போய்ப் பார்த்துவிட்டேன்.

அந்த வயரைக் கழற்றச் சொல்லி எழுதியிருந்தாய். நான் கழற்றவிடவில்லை மகள். திங்கட்கிழமை கொழும்பிலிருந்து ஒரு மாஸ்டர் வீட்டுக்கே வந்து பார்க்கப் போகிறார், நிரோஜாவும் ஆமினா உம்மாவின் மகள் ஸல்ஹாவும் தாங்களே புரோகிராம் எழுதி, தாங்களே வயர் இழுத்து, இரண்டு கொம்பியூட்டரைக் கதைக்க வைத்திருக்கிறார்களா என்று. சரிவந்தால்தான் இரண்டு பேருக்கும் கொழும்பில் வேலையோடு படிப்பு. ஸல்ஹாவின் வாப்பா கொம்பியூட்டரை வாசல் தாண்ட விடமாட்டார், எங்கள் பெட்டியோ தூக்கினால் நின்றுவிடும். அதுதான் எங்கள் குசினி யன்னலிலிருந்து மதிலுக்கு மேலால் அவர்கள் வீட்டுக்கு நீல வயர். உள்ளே எட்டு மெல்லிய கம்பி, எட்டு நிறம், வரிசை பிசகாமல் அடுக்கி ஒரு குறட்டால் நெரித்துத் தலை போடுகிறாள் உன் மகள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே அந்த வரிசை இப்போது பாடம்.

ஆனால் ரோந்து போகிற ஆமிக்காரர் கேற்றால் பார்த்தால் வீட்டுக்கு வீடு வயர் அல்லவா தெரியும்? ரேடியோ திருத்துகிற குணரத்தினத்தை ஒரு துண்டு வயருக்காகப் பிடித்து இரண்டு நாள் வைத்திருந்து விட்டவர்கள். அதனால் நான் ஒருவருக்கும் சொல்லாமல் அதில் சீலைகளைக் காயப்போட்டேன். அவர்களும் உடுப்புக் கொடி என்று நினைத்துத் திரும்பியும் பாராமல் போனார்கள். எனக்கு உள்ளுக்குள் சரியான பெருமை.

அதற்குப் பிறகுதான் கரைச்சல். காலையில் இங்கே அடிக்கிற எழுத்து அங்கே போகாது, பின்னேரம் போகும். பிள்ளைகள் தங்கள் புரோகிராம்தான் பிழை என்று நாலு நாள் சாப்பாடில்லாமல் திருப்பித் திருப்பி எழுதினார்கள், ஸல்ஹா நோன்போடு. நேற்று எட்டு விளக்குள்ள சோதனைப் பெட்டியை வயரின் இரண்டு பக்கமும் கொழுவிப் பார்க்கிற நேரம் நான் ஈரப் படுக்கைவிரிப்பைப் போட்டேன், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஸல்ஹா மூணாவது விளக்கு அணைஞ்சிட்டுடி என்று கத்தினாள். ஈரப் பாரம் இழுக்க உள்ளே அறுந்த ஒரு கம்பி விலகுவதும், காய்ந்தபின் முட்டுவதுமாக இருந்திருக்கிறது. நிரோஜா என்னைப் பார்த்த பார்வை! அம்மம்மா, நீங்களோ எங்கட வைரஸ் என்று கேட்டாள். ஸல்ஹா மதிலில் தொங்கிக்கொண்டு, மாஸ்டருக்கு எல்சி உம்மாட சீலையையும் காட்டுவோம் என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் போட்டேன் என்று அப்போதுதான் சொன்னேன். பிறகு நிரோஜா நைலோன் கயிறு ஒன்றை இறுக்கிக் கட்டி, அதோடு புது வயரைச் சேர்த்துச் சுற்றினாள். பாரத்தைக் கயிறு தாங்கட்டும், நீங்கள் போடுங்கோ அம்மம்மா என்றாள். இப்போது எழுத்து நிற்காமல் போகிறது.

இதை எழுதும்போதே கொட்டியாரப் பக்கம் வானம் கறுத்து, தூறத் தொடங்கிவிட்டது. தெரு முனையில் சப்பாத்துச் சத்தமும் கேட்கிறது. மழைக்குச் சீலையை எடுக்காத பெண் உண்டா? எடுத்தால் வயர் தெரியும், விட்டால் சந்தேகம் வரும். எல்சி அக்கா, சீலை நனையுது என்று ஆமினா உம்மா கூப்பிடுகிறா. நனையட்டும். நான் போய் இன்னும் இரண்டு சீலையைப் பிழிந்து போடப் போகிறேன். மழையில் உடுப்புக் காயப்போடுகிற விசரி என்று ஊர் சொல்லட்டும், திங்கட்கிழமை வரைக்கும் நான் விசரிதான்.

மாதா உன்னைக் கைவிடமாட்டா. கால் வீக்கத்துக்கு மருந்து போடு. போன் வந்தால் வயரைப் பற்றி ஒன்றும் கேட்காதே, உடுப்புக் காய்ந்ததோ என்று மட்டும் கேள்.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா எல்சி