மலைக்குள் இறங்கிய மஞ்சள் தண்ணீர்

என் பாக்கியத்துக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை தங்கச்சி. நேற்றிலிருந்து மழை. றொசல்லப் பக்கம் போகிற ரயில் சத்தம்கூடக் கேட்கவில்லை. சுவருக்குள் தண்ணீர் நடக்கிறது மட்டும் கேட்கிறது. உன் அண்ணி அதைப் பிரமை என்கிறாள். இருக்கலாம்.

எனக்கு இன்னும் அதே வேலைதான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் தோட்டத்து ஆபீசுக்குப் பின்னால் போய், மழை அளக்கும் குவளையைப் பார்த்து அளவை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கிறேன். அந்த நோட்டுப் புத்தகம் கையில் இருந்ததால் என்னைப் பெரிய விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கொழுந்து பறிக்கிறவள், உனக்கு என்ன தெரியும் என்று எத்தனை தடவை சிரித்திருப்பேன்.

சுதந்திரம் கிடைத்து இரண்டாவது ஆடியில், நம் வீட்டு வரிசையான லயத்துக்கு மேலே தேயிலைக்குள் ஒரு வெடிப்பைக் கண்டாய். இதில் இறங்குகிற மழைத்தண்ணீர் எங்கே வெளியே வருகிறது என்று கேட்டாய். மலைக்குள்ளே போயா பார்க்க முடியும் என்றேன்.

"நான் போய்ப் பாத்துட்டேண்ணே. கண்ண மூடிக்கிட்டு அந்தத் தண்ணியாட்டமே கீழ எறங்குனேன். பாறையில முட்டி நம்ம லயத்துக் கடைசி வீட்டுக்குப் பின்னாலதான் வருது. நெசமான்னு பாக்கணும்."

மாரியம்மன் திருவிழாவில் மஞ்சள் நீராட்டு முடிந்து மிஞ்சிய தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்துபோய் அந்த வெடிப்பில் ஊற்றினாய். மறுநாள் கடைசி வீட்டுக்குப் பின்னால் மண்ணில் மஞ்சளாகக் கசிந்தது. நீ சொன்ன அதே இடம். ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஆத்தா வந்துவிட்டாள் என்று கல் நட்டுச் சூடம் கொளுத்தினார்கள்.

அது உன் மஞ்சள் என்று சொல்லத் துடித்தாய். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். சாமியைக் கேலி செய்தாய் என்று அடிக்க வருவார்கள், திருவிழாச் சந்தடி அடங்கட்டும், மலை உள்ளே ஊறுகிறது என்று நானே தோட்டத்துத் துரையிடம் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. ஒரு கற்பனையைத் துரையிடம் எப்படிச் சொல்வது என்று வெட்கமாக இருந்தது. கற்பனையில் தொடங்கியதுதான். ஆனால் மஞ்சள் வெளியே வந்த பிறகும் அது எப்படிக் கற்பனை ஆகும்? அன்று எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

நாலாம் நாள் காலை, குவளை என் கையில் இருந்தபோது மலை சரிந்து லயத்தின் மேல் இறங்கியது. கசிவு சேறாக மாறியதைப் பார்த்து நீ கதவு கதவாகத் தட்டினாயாம். எல்லாரும் வெளியே ஓடி வந்தார்கள். கடைசி வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவரைத் தூக்கப் போன நீயும் அவரும் மட்டும் வரவில்லை. அன்றைய மழையளவைச் சரியாக எழுதியிருக்கிறேன், பாக்கியம். ஒரு எண்கூடப் பிசகவில்லை.

ஆத்தா முன்னமே காட்டினாள், நமக்குத்தான் புரியவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பதினைந்து வருஷமாகத் தலையாட்டுகிறேன். அப்போதெல்லாம் நீ என் பின்னால் நிற்பது தெரியும். திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

நேற்று புது லயத்துக்கு மேலேயும் ஒரு வெடிப்பைப் பார்த்தேன். உடனே துரையிடம் ஓடினேன். மழை விடட்டும் என்கிறார். நானும் கண்ணை மூடி உள்ளே இறங்கிப் பார்த்தேன். பாதி வழியில் உன் முகம் வந்துவிடுகிறது.

நாளைக்கு மஞ்சள் நீராட்டு. இந்தத் தடவை எல்லாரும் பார்க்க நானே குடத்தைத் தூக்கி அந்த வெடிப்பில் ஊற்றுவேன். எங்கே கசிந்தாலும், யாரும் சூடம் கொளுத்துவதற்கு முன்னால், அன்றைக்கு வந்ததும் என் தங்கச்சி ஊற்றிய மஞ்சள்தான் என்று சொல்வேன். அடித்தால் அடிக்கட்டும்.

அன்று வாயைத் திறக்காத
உன் அண்ணன்