மொச்சைச் சூப்பும் குடல்மாலையும்

அக். 28, ஞாயிறு, 1945

விடாத மழை. பூசை முடிந்து வருவதற்குள் முழங்கால் வரை சேறு. ஊரில் பன்றி போட்டிருந்தார்கள். கறியோடு குடலும் வாங்கி வந்தேன். அத்தை ஒரு மாதிரி பார்த்தார்.

சாசேஜ் செய்யப்போகிறேன். மலேயாவில் தோட்டத்துத் துரை பங்களாவில் குசினி வேலை பார்த்தபோது என் வீட்டுக்காரர் கற்றது. கடைசியாக லீவில் வந்தவர் இந்த அடுப்பில்தான் செய்தார். மகன் செய்ததற்குக் குடல்மாலை என்று பெயர் வைத்து அத்தை சிரித்த சிரிப்பு! அவர் கப்பலேறினார். சண்டை வந்தது. அதன்பின் ஒரு வரி இல்லை. சண்டை முடிந்து மழைக்காலமும் வந்தாயிற்று, இன்னும் இல்லை. மனுஷர்தான் வரவில்லை, அவர் கை மணமாவது இந்த வீட்டுக்கு வரட்டும்.

குடலை உப்பு, மஞ்சள் போட்டுத் திருப்பித் திருப்பிக் கழுவியது. கறி கொத்தியது. வற்றல் மிளகாய், மிளகு, பூண்டு, சீரகம், புளிப்புக்குக் கள்ளுக்காடி. இன்னும் ஏதோ ஒன்று போட்டார். என்ன அது? அன்று சட்டியைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் இப்படித்தான்.

அக். 29, திங்கள்

தூறல். ஊறிய கறியைப் புனல் வைத்துக் குடலில் அடைத்து, நூல் கட்டி, அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கல். ஈர விறகு. புகைக்குக் குறைவில்லை, கண்ணுக்குத்தான் கேடு.

நான்காம் வகுப்பில் கணக்கு. முதல் பெஞ்சில் ஒருத்தி பக்கத்துப் பிள்ளையிடம், “டீச்சர் மேல கறி வாடை அடிக்குதுடி.” கேட்காதது போல் கரும்பலகையைத் துடைத்தேன்.

அக். 30, செவ்வாய்

அத்தை வாயைத் திறந்தார். கல்லறைத் திருநாள் பூசையில் உபதேசியார் இறந்தவர்கள் பெயரை வாசிப்பார் அல்லவா, அதில் இவர் பெயரையும் கொடுக்க வேண்டுமாம். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த முறத்தையே பார்த்தார்.

“ராயப்பன் இருந்தா வரட்டும் ஆத்தா. இல்லேன்னா அவன் ஆத்துமாவுக்கு யாரு செபிக்கிறது?”

மாட்டேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான். கோயிலில் பெயர் வாசித்துவிட்டால் முடிந்தது. அன்றைக்கே ஊருக்கு அவர் செத்தவர், நான் முண்டச்சி. பெற்றவருக்கு எப்படி மனம் வந்தது? இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அக். 31, புதன்

மழை. பஸ்ஸில் இரண்டு பேர் பேச்சு. “மலேயாக் கப்பல் வருதுன்னு சொல்றாக.” “யாரு சொல்றா?” “சொல்றாகப்பா.”

மொச்சை ஊறப்போட்டேன். சோப்பு. விளக்குத்திரி. மறக்கக் கூடாது.

நவ. 1, வியாழன்

சகல அர்ச்சிஷ்டவர்கள், அதாவது எல்லாப் புனிதர்களின் திருநாள். பள்ளி லீவு. அதனால்தான் சூப்பை இன்று வைத்துக்கொண்டேன். மொச்சையைக் குழைய வேகவிட்டு, வெங்காயம், பூண்டு தாளித்து, சாசேஜை நறுக்கிப் போட்டுக் கொதிக்கவிட்டேன். சிவப்பாய் எண்ணெய் மிதந்தது. வீடு முழுக்க அவர்.

பக்கத்து வீட்டுக் கித்தேரி அக்கா எட்டிப் பார்த்தார். என் தலையைத் தடவினார்.

“மனசத் தேத்திக்கிட்ட போல. நல்லது ஆத்தா. ஒனக்கும் எத்தன நாளைக்கு.”

முதலில் விளங்கவில்லை. பிறகுதான் பொட்டில் அடித்தது. கல்லறைத் திருநாளுக்கு, போய்ச் சேர்ந்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைப்பது எங்கள் ஊர் வழக்கம். திருநாளான நாளை வெள்ளி, கறி ஆகாது. அதனால் கறி சமைக்கிற வீடெல்லாம் இன்றே சமைக்கிறது. எனக்கு அவர் இறந்தவர் இல்லை. இந்த யோசனை எனக்கு எப்படி வரும்?

திரும்பினால் அத்தையைக் காணோம். மூலையில் குடையும் இல்லை. உபதேசியார் வீட்டுக்குத்தான் போயிருப்பார். நானே சமைத்துக் காட்டிவிட்டேன், இனி அவருக்கு என்ன தயக்கம்? ஓடினேன். பாதி வழியில் எதிரே வந்தார், குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, மழையில்.

“கொடுத்துட்டீங்களா அத்தை?”

வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு கிண்ணம் நான் மட்டும் சாப்பிட்டேன். காடி கூடிவிட்டது. அவருடையது போல இல்லை, ஆனால் கிட்டத்தட்ட. அந்தக் கிட்டத்தட்டதான் அழவைத்தது. மிச்சத்தைக் கித்தேரி அக்காவிடம் கொடுத்தேன், திருநாளுக்குச் செய்தது, வேறெதற்கும் இல்லை என்று சொல்லி.

நவ. 2, வெள்ளி

மேகம் மட்டும். பூசையில் பெயர்களை வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டேன். அத்தை ஜெபமாலையைக் கசக்கிக்கொண்டிருந்தார். கடைசிப் பெயரும் வந்தது. அவர் பெயர் இல்லை.

கல்லறையில் மாமாவுக்கு மெழுகுத்திரி ஏற்றித் திரும்பும்போது அத்தையே சொன்னார்.

“அவுக வீட்டு வாசப்படி வரைக்கும் போனேன். பேரு வாயில வரல.”

மத்தியானம் கஞ்சி, துவையல். அத்தை அடுப்புக்கு மேலே பார்த்துக்கொண்டே குடித்தார். கம்பியில் இன்னும் கொஞ்சம் தொங்குகிறது.

“எல்லாத்தையும் ஆக்கிராத ஆத்தா. ஒண்ண எடுத்து வையி. வந்ததும் குடல்மாலை எங்கன்னுதான் கேப்பான்.”

இருப்பதில் பெரியதாகப் பார்த்து உள் கம்பிக்கு மாற்றினேன். ஈர விறகையே இன்னும் இரண்டு தள்ளினேன். புகை நன்றாக ஏறட்டும். எத்தனை நாள் தாங்க வேண்டுமோ.