எழுதி வைக்காத ஸ்வரங்கள்

தை 17, ஞாயிறு.

வலங்கைமான் கல்யாணக் கச்சேரிக்குப் போகிற வழியில் பஸ் நின்றுவிட்டது. அறுப்பு ஆட்கள் கூலி உயர்வு கேட்டு, சிவப்புக் கொடியோடு ரோட்டில் மறியல். நானும் பக்கவாத்தியக்காரர்களும் இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தோம். மண்டபத்தில்தான் தெரிந்தது, என் ஸ்வர நோட்டு பஸ்ஸிலேயே தங்கிவிட்டது.

கற்பனை ஸ்வரம் மேடையில் அந்த நிமிஷம் தோன்றிப் பாட வேண்டியது. நான் வீட்டிலேயே எழுதிவைத்து, மேடை ஏறுமுன் ஒருதரம் பார்த்துக்கொண்டு பாடுகிறவள். யாரிடமும் சொன்னதில்லை.

இன்று கல்யாணி ராகத்தில் இரண்டு சுற்றிலேயே எழுதியது மறந்துபோயிற்று. வாய்க்கு வந்ததைப் பிடித்துக்கொண்டு எங்கெங்கோ போய், எப்படியோ தாளத்தில் வந்து சேர்ந்தேன்.

சாப்பிடும்போது மிருதங்கம் வாசித்த சண்முகம் சொன்னார்: "இன்னிக்குத் திண்டாட வெச்சுட்டீங்க. எப்பவும் நீங்க எங்க முடிப்பீங்கன்னு முன்னாடியே தெரியும்."

"எப்பவுமா?"

"மூணு வருஷமா. இன்னிக்குத்தான் உங்க பாட்டைக் கேட்டு வாசிச்சேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அவரோ சிரித்துக்கொண்டே, எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் விடச் சொன்னார். அப்பாடா என்றிருந்தது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

நாளைக் காலை பாட்டுச் சாதகத்துக்கு அவரை வரச் சொல்லியிருக்கிறேன். என்ன பாடப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.